ஓலையில் விடுபட்ட பெயர்

சங்கரன்கோவில்,
9.8.1976.

கிறிஸ்துவுக்குள் அன்பான தம்பி மாசிலாமணிக்கு அக்காள் ஞானப்பூ எழுதுவது. ஸ்தோத்திரம்.

இங்கே நானும் புஷ்பலீலாவும் சுகம். உன் அத்தான் பாளையங்கோட்டை ஜெயிலில் எப்படி இருக்கிறார் என்று போன கடிதத்தில் நீ ஒரு வரி கேட்கவில்லை. ஆனாலும் சொல்லுகிறேன், அவரும் சுகம். சென்னையில் நீயும் உன் மனைவியும் உன் மகன் ஜெயசிங்கும் சுகமாகத்தான் இருப்பீர்கள். அதற்கு வேண்டியதையெல்லாம் நீதான் பார்த்துப் பார்த்துச் செய்துகொண்டிருக்கிறாயே.

ஊரில் ஆடித்தபசுத் திருவிழா. சிவகிரி, ராயகிரிப் பக்கத்து ஜனமெல்லாம் தெருவில்தான். தபாலாபீசுக்குப் போக வழியில்லை. இந்தக் கடிதம் இரண்டு நாள் பிந்தி வந்தாலும், நேற்று நம் கோவிலில் நடந்ததை இங்குள்ள சபைப் போதகர் ஐயர் உனக்குத் தந்தியாகவே அடித்திருப்பார். உன் மகனுக்கும் என் மகளுக்கும் நேற்றுக் காலை ஆராதனையில் முதல் கல்யாண ஓலை வாசித்தார்கள். அது பாதியில் நின்றுபோயிற்று. நிறுத்தியவள் நான். அதை என் வாயாலும் கேட்டுக்கொள்.

அதற்கு முன்னால் உன் கடிதத்துக்குப் பதில். அத்தான் அரசாங்கத்தை எதிர்த்துவிட்டார், ஒரு மன்னிப்பு எழுதிக் கொடுத்துவிட்டால் மறுநாளே வெளியே வந்துவிடலாம் என்று எழுதியிருந்தாய். அவர் என்ன செய்தார் என்று உனக்கு யார் சொன்னது? மேலநீலிதநல்லூர் சண்முகையா, கிணறு வற்றிப்போனதற்கு நிவாரணம் கேட்டுத் தாலுகா ஆபீசுக்கு நடந்து நடந்து சலித்து, டீக்கடையில் நின்று இரண்டு வார்த்தை சத்தமாகப் பேசினான். ஆளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஐயர் கிராமத்துச் சபைகளுக்குப் போகிற ஞாயிறுகளில் இங்கே ஆராதனை நடத்துவது உன் அத்தான்தான். அப்படி ஒரு ஞாயிறில் ஆளுகிறவர்களுக்காக ஜெபித்தார். வழக்கமாகச் செய்கிற ஜெபம்தான். அதோடு, ஜனங்கள் சொல்லுவதைக் கேட்க அவர்களுக்குக் காதைக் கொடும், சிறையிலிருக்கும் சண்முகையாவை நினைத்தருளும் என்று சேர்த்துக்கொண்டார். எல்லோரும் ஆமென் என்றார்கள். அப்படிச் சொன்ன வாய்களில் ஒன்று நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறது.

விசாரணையே இல்லாமல் அவரை மிசாவில் போட்டார்கள். இன்ஸ்பெக்டர் நல்லவிதமாகத்தான் பேசினார். சார், தெரியாம ஜெபிச்சிட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடுத்திருங்க, வீட்டுக்குப் போயிரலாம் என்றார். உன் அத்தான், ஜெயிலுக்கு வரச் சொன்னா வாரேன், அதுவும் கீழ்ப்படியுததுதான். தெரியாம ஜெபிச்சேன்னு பொய் எழுதச் சொன்னா முடியாது, அந்த ஜெபம் கர்த்தருக்குப் போனது, உங்க மேசைக்கு வந்ததில்ல என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். கதவைப் பிடித்துக்கொண்டிருந்த போலீஸ்காரருக்கு ஸ்தோத்திரம் வேறு சொன்னார். இதைவிட அடக்கமாக யார் கீழ்ப்படிவார்கள், நீயே சொல்.

அதிகாரத்துக்கு அடங்கி நடக்கச் சொல்லிப் பவுல் எழுதியிருக்கிறார் என்று எனக்கே பாடம் நடத்தியிருக்கிறாய். ஞாயிறு பள்ளிப் பரீட்சைக்கு அந்த வேத அதிகாரத்தை உன் மண்டையில் ஏற்றியவளே நான்தான். அந்தப் பவுல் எத்தனை நிருபங்களை ஜெயிலுக்குள்ளிருந்து எழுதினார்? அவரும் ஒரு மன்னிப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்திருந்தால் உன் பிரசங்கத்துக்குப் பாதிச் சரக்கு இருக்காது. பிலிப்பி பட்டணத்தில் அவரை அடித்து உள்ளே போட்ட அதிகாரிகள், விடிந்ததும் சத்தமில்லாமல் போய்விடச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். போனாரா? அவர்களே வந்து கூட்டிக்கொண்டு போகட்டும் என்று உட்கார்ந்துகொண்டார். இது உன் வேதத்தில் இல்லையோ?

இன்னொன்று. பவுல் காலத்து ரோமாபுரி ராயனை யாரும் ஓட்டுப் போட்டு உட்காரவைக்கவில்லை. இவர்கள் நம் வாசலில் வந்து கும்பிட்டு நின்று, தாயி, மறந்துராதீக என்று கேட்டு வாங்கிப்போனவர்கள். கொடுத்தவன் வாய் திறந்து கேட்டால் அது கலகமா? நாம் கொஞ்சம் பேர், வாயைத் திறந்தால் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கையைவிட்டுப் போகும் என்றும் எழுதியிருந்தாய். அந்தப் பயம் எனக்கும் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பயத்துக்குக் கர்த்தருடைய பெயரை வைத்துக் கூப்பிடாதே.

இனி ஓலைக்கு வருகிறேன். சென்னை கனம் மாசிலாமணி ஐயரவர்களின் குமாரன் ஜெயசிங் என்று உன் பெயரும் பட்டமும் கோவில் அதிர வாசித்தார்கள். அடுத்தது, சங்கரன்கோவில் ஞானப்பூ அம்மாளின் குமாரத்தி புஷ்பலீலா. அவ்வளவுதான். தகப்பன் செத்துப்போயிருந்தால்கூட மரித்த இன்னாரின் குமாரத்தி என்று வாசிப்பார்கள். தாயின் பெயரோடு நிறுத்தினால் அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியாதா? எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்கள். என் மகள் குனிந்த தலை நிமிரவில்லை.

பிறகு ஐயர் எப்போதும்போல, இந்த விவாகத்துக்குத் தடை ஏதாவது அறிந்தவர்கள் சொல்லலாம் என்றார். எனக்கு நினைவு தெரிந்து அதற்கு ஒருவரும் பதில் சொன்னதில்லை. பேப்பரும் ரேடியோவும் ஊமையாகிவிட்ட இந்த நாட்டில், சொல்லலாம் என்று ஜனங்களைப் பார்த்துக் கேட்கிற இடம் அது ஒன்றுதான் மிச்சம். நான் எழுந்துவிட்டேன். தடை உண்டு என்றேன்.

ஐயருக்கு வேர்த்துப்போயிற்று. ஆராதன முடியட்டும்மா, பொறவு பேசிக்கிடலாம் என்றார். கேட்டது நீங்கதான ஐயா, இப்பமே சொல்லிருதேன் என்றேன். இந்தப் பிள்ளைக்குத் தகப்பன் இருக்கிறார், அவர் பெயர் வேதமுத்து என்றேன்.

தம்பி, கல்யாணமான நாள் முதல் அவர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால் பக்கத்தில் நிற்கிறவள் எனக்காகச் சொல்லுவாள். ஜெயில் வாசலில்கூட எழுதித்தான் காட்டினேன். நேற்று அத்தனை பேர் இருந்தும் சொல்ல ஆளில்லை. அதனால் சொன்னேன்.

ஆராதனை முடிந்ததும் ஐயரைப் போய்ப் பிடித்தேன். நான் என்னம்மா செய்ய, மெட்ராஸ் ஐயர்தான் அப்படி வாசிக்கச் சொல்லி எழுதியிருந்தாக என்றார். மகன் சென்ட்ரல் கவர்மெண்ட் உத்தியோகத்தில் இருக்கிறான், மாமனார் மிசா கைதி என்று தெரிந்தால் விசாரணை வரும், அதனால் பெயரை விட்டுவிடலாம் என்று எழுதினாயாம். ஜெயிலிலிருந்து அவர் எழுதுகிற கடிதங்களில் வரிக்கு வரி மை பூசித்தான் அனுப்புகிறார்கள். அது போலீஸ் வேலை, அவர்கள் சம்பளம் வாங்குகிறார்கள், பூசிவிட்டுப் போகட்டும். என் கூடப் பிறந்தவன் எதற்காகப் பூசினான்? நீ படிக்கும்போது தன் வாத்தியார் சம்பளத்தில் உனக்குச் சட்டை தைத்துப் போட்டவர் அவர்தான்.

சண்முகையாவின் மனைவி மாடத்தியும் நானும் ஒரே பஸ்ஸில்தான் ஜெயிலுக்குப் போய்வருகிறோம். எங்க வீட்டுக்காரரு பேரச் சொல்லப் போயில்லா சாரும் உள்ள இருக்காக என்று ஒவ்வொரு தடவையும் அழுவாள். யாரோ ஒருத்தியான அவளுக்கு இருக்கிற ஈரம் உனக்கு இல்லாமல் போயிற்றே.

புஷ்பலீலா கோவிலிலிருந்து வந்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உன் மகன் மேல் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆசை, அது உனக்கும் தெரியும். பிள்ளையின் வாழ்க்கையை நானே கெடுத்துவிட்டேனோ என்று அடுப்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். மத்தியானம் அவளே வந்து எனக்குச் சோறு போட்டு வைத்தாள். எம்மா, அப்பா பேரச் சொன்னீகள்லா, பின்னால இருந்தவுகளுக்குக் கேட்டிருக்காது, இன்னும் சத்தமாச் சொல்லியிருக்கணும் என்றாள்.

நீ அனுப்பிய கூறைப்புடவையை மடிப்புக் கலையாமல் பெட்டியில் வைத்திருக்கிறேன். அது என் மகள் உடம்பில் ஏறுவதும் உன் விலாசத்துக்குத் திரும்பி வருவதும் இனி உன் கையில். அவள் தகப்பன் பெயர் இல்லாமல் வாசித்தால் அடுத்த ஞாயிறும் எழுந்து நிற்பேன், அதற்கடுத்த ஞாயிறும் நிற்பேன்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை ஜெயிலில் பார்க்க விடுகிற நாள். புறப்பட்டு வா. வரும்போது அங்கியைப் போட்டுக்கொண்டே வா, நீ யாரென்று எல்லோருக்கும் தெரியட்டும். வாசலில் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்பார்கள். ஆசிரியர் வேதமுத்துவைப் பார்க்க வேண்டும், என் மகனுக்கு அவர் மகளைப் பெண் கேட்க வந்திருக்கிறேன் என்று சொல். நான் மாடத்தியோடு அங்கேதான் நிற்பேன். நீ சொல்லுவது என் காதில் விழ வேண்டும்.

கர்த்தர் உன்னையும் உன் வீட்டாரையும் ஒரு தீங்கும் அணுகாமல் காப்பாராக. உன் வாயையும் திறப்பாராக.

இப்படிக்கு,
வேதமுத்துவின் மனைவி,
உன் அக்காள்
ஞானப்பூ.