ரொட்டியும் டீயும் கொண்டுபோன ஞாபகம்

நேற்றுக் காலை உன் வீட்டு வழியாகப் போனேன். புதிதாகக் குடிவந்திருப்பவர்கள் வடகம் தாளித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனை காம்பவுண்டைத் தாண்டி ரெட்டியார்பாளையத்துத் தெருவுக்கே வந்துவிட்டது. அப்படியே நின்றுவிட்டேன். அந்த வீட்டு அடுப்பிலிருந்து எந்த வாசனையும் வராமல் கிடந்த காலம் நினைவுக்கு வந்தது. நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. உன்னோடு பேசவேண்டும் போலிருந்தது, எழுதுகிறேன்.

மின்துறை வேலையிலிருந்து ஓய்வுபெற்று நான் அந்தத் தெருவுக்குக் குடிவந்தபோது முதலில் பேசியவன் நீதான். "முசே, சீட்டு ஆடுவீங்களா?" என்று, 'ஐயா'வுக்குப் பாண்டிச்சேரிக்காரர்கள் சொல்லும் பிரெஞ்சு வார்த்தையில் கேட்டாய். ரம்மி என்று நினைத்து வந்து உட்கார்ந்தேன். பெலோத் என்றாய். பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன ஆட்டம், நாலு பேர் வேண்டும். நாமிருவரும், தெருமுனைத் தையற்காரரும், அவர் மைத்துனரும். அந்த ஆட்டத்தில் கையிலிருக்கும் சீட்டைவிட, விழுந்த சீட்டை ஞாபகம் வைத்திருப்பவன்தான் ஜெயிப்பான். நீ ஒருநாளும் யோசித்து நான் பார்த்ததில்லை. விழுந்த சீட்டெல்லாம் உன் தலைக்குள் போய் அதனதன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். உன் மனைவி உள்ளேயிருந்து காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, "இவருக்கு விழுந்த சீட்டு ஞாபகம் இருக்கும், வாங்கச் சொன்ன உப்பு ஞாபகம் இருக்காது" என்பார்கள்.

உன் மனைவி தவறிய பிறகும் ஆட்டத்தை நீ நிறுத்தவில்லை. அதனால் நீ தேறிவிட்டாய் என்று நாங்கள் நினைத்தோம். சுனாமிக்கு அடுத்த வருடம் ஒரு மாலை, பாதி ஆட்டத்தில் நீ தலைதூக்கி, "துருப்பு என்னாது?" என்று கேட்டாய். விளையாட்டுக்குக் கேட்கிறாய் என்று தையற்காரர் சிரித்தார். நீ சிரிக்கவில்லை. மறுவாரம் பெரிய மார்க்கெட்டுக்குப் போன நீ, வெளியே வந்து எந்தப் பக்கம் பஸ் ஏறுவதென்று தெரியாமல் பூக்காரிகளுக்கு நடுவில் நின்றிருக்கிறாய். தெரிந்த ஆட்டோக்காரர் ஒருவர் கொண்டுவந்து விட்டார். உன் கால் மரத்துப்போகிறது என்றாய், நாக்கு எரிகிறது என்றாய். வயசு என்றோம்.

பாரிசிலிருந்து உன் மகள் வந்தாள். ஒரே மகள். இரண்டு நாள் உன்னைக் கவனித்துவிட்டு என் வீட்டுக்கு வந்து அழுதாள். "சித்தப்பா, அப்பாவ நான் கூட்டிட்டுப் போறேன். இதுக்கு மேல தனியா விட முடியாது." அவள் பக்கம் நியாயம் இருந்தது. உன்னிடம் வந்து சொன்னேன். நீ மறுத்துவிட்டாய்.

"போறதுக்கு ஒண்ணுமில்ல முசே. அது பொழுதன்னிக்கும் வேலைக்குப் போயிடும். நான் யாருகிட்ட தமிழ்ல பேசுவேன்? இருக்கிற ஞாபகமும் அங்க போனா குளிர்ல செத்துப்பூடும்."

கூட்டிப்போவதற்கு முன் இங்கே ஒரு டாக்டரிடம் காட்டிவிடலாம் என்றாள் என் மனைவி. நாலு பேரும் போனோம். அந்தப் பெண் டாக்டர் மறதியைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. "நேத்து மதியம் என்ன சாப்பிட்டீங்க?" என்றுதான் கேட்டார்.

நீ கொஞ்சமும் தயங்காமல் சொன்னாய்: "மீன் கொழம்பு, ரசம், கோசு பொரியல்."

உன் மகள் முகம் மாறிவிட்டது. அவள் வந்ததிலிருந்து சாப்பாடு ஓட்டலிலிருந்துதான்; முந்தின நாள் மதியம் மட்டும் அவள் வெளியே போயிருந்தாள். வந்து பார்த்தபோது மேசைமேல் ரொட்டித் துணுக்கும் டீ தம்ளரும்தான் இருந்தன. சமையலறையில் எண்ணெய்ப் புட்டியின் மூடியே திறக்கப்படவில்லை. மீன்சட்டிக்குள் சிலந்தி கூடு கட்டியிருந்தது. "சாப்பிட்டதுகூட ஞாபகம் இல்ல பாருங்க டாக்டர்" என்றாள் அவள்.

நீ தலையைக் குனிந்துகொண்டாய். பிறகு மெதுவாக, "ஞாபகம் இருக்குது கண்ணு. பொய் சொன்னேன்" என்றாய். "அவ போனதிலேருந்து காலைல ரொட்டி, மதியானம் ரொட்டி, ராவுக்கு டீல தொட்டுக்க ரஸ்க்கு. உன் முன்னாடி அத எப்புடி சொல்றது?"

டாக்டர் உன் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார், பாதத்தைத் தொட்டுப் பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார். பி-12 சத்து தரைமட்டத்தில் கிடந்தது. "எல்லா மறதியும் ஒரே மறதி இல்லைங்க. இது சாப்பாடு இல்லாம வந்தது மாதிரி தெரியுது. முதல்ல ஊசி போடுவோம். மீன், முட்டை, கீரை, காய் எல்லாம் தட்டுக்கு வரணும். எல்லாமே திரும்பிடும்னு சத்தியம் பண்ண மாட்டேன். நிறைய திரும்பும்." உன் மகளிடம் திரும்பி, "கொஞ்ச மாசம் பொறுத்துப் பாருங்களேன்" என்றார். அடுத்த லீவு வரைக்கும் என்று அவள் ஒப்புக்கொண்டாள்.

ஊசி சுலபம். சாப்பாடுதான் கஷ்டமாக இருந்தது. எங்கள் வீட்டில் வந்து சாப்பிடு என்றால் நீ வரமாட்டாய். கொடுத்தனுப்பினால் பாத்திரம் அப்படியே திரும்பி வரும். கடைசியில் என் மனைவி உன் வாசலில் வந்து நின்று, "அண்ணே, எனக்கு மார்க்கெட்டுக்குப் போக முட்டி வலிக்குது. நீங்க மீன் வாங்கிக் கொடுத்தாதான் எங்க வீட்ல கொழம்பு" என்றாள். அவளுக்கு முட்டி வலியெல்லாம் கிடையாது. உனக்கும் அது தெரியும். ஆனாலும் மறுநாள் என்னையும் இழுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனாய். மீன்காரியிடம் செவுளைத் தூக்கிக் காட்டச் சொல்லிச் சண்டை போட்டாய். எனக்குப் பாதி நிம்மதி அப்போதே வந்துவிட்டது.

அன்று மதியம், நீ வாங்கிய மீன் என்பதால், எங்கள் வீட்டில் உட்கார்ந்து முதல் கவளத்தை எடுத்தாய்.

"நல்லாருக்குது தங்கச்சி" என்றாய். "அவ வைக்கிற மாரி இல்ல."

"எதுக்கு இருக்கணும்? அது அண்ணி கொழம்பு. இது என் கொழம்பு. சாப்பிடுங்க."

நீ சிரித்தாய். கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டாம் முறை சோறு கேட்டாய். அதற்குப் பிறகு உன் வீட்டிலும் அடுப்பு எரிந்தது. நான் வெங்காயம் நறுக்குவேன், நீ கரண்டி பிடிப்பாய். புளியை வாரிக் கொட்டி நீ வைத்த முதல் குழம்பைத் தையற்காரர் ஒரு வாய் தின்றுவிட்டு, "இதுல பித்தளைப் பாத்திரம் வெளக்கலாம்" என்றார். வாரத்தில் பாதி நாள் முருங்கைக்கீரை. முட்டையை மட்டும் கடைசிவரை முகம் சுளித்துக்கொண்டே தின்றாய்.

மழைக்காலம் முடிந்திருக்கும். அன்று துருப்பு டைமன்; பெலோத்தில் துருப்பு ஒன்பது பெரிய சீட்டு. ஆட்டத்தின் நடுவில் ஒரு சீட்டை இறக்கலாமா என்று நான் தடவிக்கொண்டிருந்தேன். "என்னா முசே, டைமன் ஒன்பதுக்குப் பயப்புடுறியா? அது மொத சுத்துலயே விழுந்துடுச்சே" என்றாய். தையற்காரர் தன் சீட்டையெல்லாம் மல்லாக்கப் போட்டுவிட்டுக் கைதட்டினார். தோற்கப்போவது தெரிந்தும் அவருக்கும் மைத்துனருக்கும்கூடச் சந்தோஷம் தாங்கவில்லை.

உன் மகள் மறுபடி வந்தபோது நீயே சமைத்துப் போட்டாய். நோணாங்குப்பம் படகில் அவளைக் கூட்டிப்போய், சின்ன வயதில் அவள் தண்ணீரைப் பார்த்து அலறியது, அன்று போட்டிருந்த மஞ்சள் கவுன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாயாம். அவள் தனியாகவே பாரிசுக்குத் திரும்பிப் போனாள். சில பெயர்கள் மட்டும் உனக்குக் கடைசிவரை திரும்பி வரவில்லை. நீ அதைப் பொருட்படுத்தவில்லை.

ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவும்போது உன்னிடம் கேட்டேன், திரும்பி வந்த ஞாபகங்களில் எது பெரிதென்று. நீ துண்டில் நிதானமாகக் கை துடைத்தாய்.

"அவ போன அன்னிக்கி காலைல என்னா பேசினான்றது மறந்து போயிருந்துச்சி முசே. இப்ப முழுசா வந்துடுச்சி. வலிக்குதுதான். ஆனா அது என்னுது. அத விட்டுட்டு நான் எங்க போறது?"

சென்ற வருடம் இதே மாதத்தில் உன் இதயம் நின்றபோது, அந்தச் சில பெயர்களைத் தவிர உனக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. அந்த நிம்மதி எங்கள் எல்லோருக்கும் உண்டு. பெலோத்துக்கு நாலாவது ஆள் கிடைக்கவில்லை, மூன்று பேரும் உட்கார்ந்து பேசிவிட்டுக் கலைகிறோம்.

எனக்கும் இப்போது கண்ணாடியை எங்கே வைத்தேன் என்பது மறக்கிறது. ஆனால் நீ சொன்ன அந்தப் பதில் வார்த்தை பிசகாமல் இருக்கிறது. உன்னை இழந்தது எனக்கு வலிக்கிறது. அந்த வலி என்னுடையது, அதை விட எனக்கும் மனமில்லை. அதனால் என் மனைவி ஊருக்குப் போகிற நாட்களில்கூட டீயோடு ஒப்பேற்றுவதில்லை. உலை வைக்கிறேன், காய் நறுக்குகிறேன், தட்டு போட்டு உட்கார்ந்து முழுச்சாப்பாடு சாப்பிடுகிறேன். உன்னை இன்னும் ரொம்ப நாள் ஞாபகம் வைத்திருக்க வேண்டியிருக்கிறது.