நடிப்பான் பெட்டி

மச்சானுக்கு,

அடுப்படியில் சோறும் மீன் ஆணமும் மூடி வைத்திருக்கிறேன். வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டு ரசியாவிடம் கொடுங்கள்.

நீங்கள் சேர்க்கும் எந்திர மனிதன் பொம்மைப் பெட்டிகளில், கொழும்பில் வாங்கியதில் "சாவி கொடுத்தால் நடப்பான்" என்று இருக்கிறது. பினாங்கில் வாங்கியதில் "நடிப்பான்" என்று இருந்தது. பிழையைக் கண்டால் தமிழ் டீச்சர் கை சும்மா இருக்காது. பிளேடால் சுரண்டித் திருத்திவிட்டேன். அந்தப் பிழைக்காகவே அதை வாங்கினீர்கள் என்று எனக்குத் தெரியாது.

"ஒன்னைய யாரு புள்ள திருத்தச் சொன்னா?" என்றீர்கள். அதன்பிறகு பேச்சே இல்லை. வீட்டில் உட்கார முடியவில்லை. கீரமங்கலத்துக்கு உம்மாவைப் பார்க்கப் போகிறேன்.

ரமீஜா

மாலை பஸ்ஸில் திரும்பிவிடுவேன். பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வாருங்கள்.

கோபம் ஆறவில்லை என்றால் நடித்தாவது வாருங்கள்.