ஷோகேசில் பூட்டிய கதைப் புத்தகங்கள்

கஹவத்தை
வெள்ளிக்கிழமை

அன்பு மகன் நிரோஷனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம், அம்மாவின் முழங்கால் மட்டும் மழைக்கு முன்னால் அறிவிப்புக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. உன் சுகத்தைக் கடவுள் பார்த்துக்கொள்வார், சாப்பாட்டை நீ பார்த்துக்கொள். நம் குடும்ப வரலாற்றில் பதியப்படவேண்டிய தீர்மானம் ஒன்று அண்மையில் எடுக்கப்பட்டது, அதை முதலில் தெரிவிக்கிறேன். உன் கல்யாணத்துக்கு வந்த நாளிலிருந்து முன்னறை ஷோகேசின் மேல்தட்டில் குடியிருந்த பீங்கான் வாத்துகள் கீழ்த்தட்டுக்கு இறக்கப்பட்டுவிட்டன. அம்மா வாத்துகளின் பக்கம் பேசினாள், உன் மனைவி துஷ்யந்தி எதிர்ப்பக்கம் பேசினாள், நான் இரண்டு பக்கமும் தலையாட்டினேன், ஒரு பின்னேரம் முழுவதும் அதில் போயிற்று. காலியான தட்டுக்கு ‘வீட்டு வாசிப்பு மூலை’ என்று பெயர் வைத்து, பெயரை வண்ணக் கடதாசியில் வெட்டி ஒட்டியும் ஆயிற்று. இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ கூப்பிடும்போது போனைச் சுற்றி ஒரு கூட்டம் நிற்கிறது, நான் ஒரு வார்த்தை சொன்னால் மற்றவர்கள் அதைத் திருத்துகிறார்கள். பஜாரில் கடை வைத்திருக்கும் பளீலின் மகன் ஜஸீல் லீவு முடிந்து நீ இருக்கும் தோகாவுக்குத் திரும்புகிறான், அவன் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். தனியாக இருந்து வாசி.

கொழும்பிலிருந்து ஒரு நிறுவனம் வந்தது. அதன் பெயரை எழுதினால் இந்தத் தாள் முடிந்துவிடும். தேயிலைத் தோட்டத்துச் சின்னப் பிள்ளைகள் வீட்டிலேயே வாசிக்கப் பழகவேண்டும் என்பது அவர்களுடைய நோக்கம், நல்ல நோக்கம், அதில் நான் குறை சொல்லமாட்டேன். நம் டிவிசனில் சின்னப் பிள்ளை இருக்கும் வீடுகளுக்கெல்லாம் ஒரு கட்டுக் கதைப் புத்தகம் கொடுத்தார்கள். மினுங்கும் தாள், பெரிய எழுத்து, பக்கத்துக்குப் பக்கம் படம், உனக்கு அந்த வயதில் அப்படி ஒன்று கிடைத்ததில்லை. அதோடு இரண்டு நிபந்தனை. சனிக்கிழமை தோறும் பிள்ளை வாசிக்கும் படம் ஒன்று எடுத்து வட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பவேண்டும், பிறகு ஒருநாள் ஆட்கள் நேரில் பார்க்க வருவார்கள். புத்தகங்களை நன்றாக வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகளை டவுனில் நடக்கும் வாசிப்பு வகுப்புக்கு வேனில் ஏற்றிப் போவார்களாம், இலவசமாக.

‘பார்க்க வருவார்கள்’ என்ற சொல்லுக்கு வேறு ஊர்களில் என்ன பொருளோ தெரியாது, தோட்டத்தில் அதற்கு ஒரே பொருள்தான். யாராவது பார்க்க வந்தால் லயத்து வீட்டு வரிசையின் முன்பக்கத்துக்குச் சுண்ணாம்பு அடிப்போம், பின்பக்கத்துக்கு அடிக்கமாட்டோம், ஏனென்றால் அங்கே யாரும் பார்க்க வருவதில்லை. வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பிராவில் யாரும் படுக்காத புதுத் தொட்டில் துணிகள் பெட்டியிலிருந்து வெளியே வரும், கார் போனதும் பெட்டிக்குத் திரும்பும். நாலு தலைமுறையாக இந்த வித்தையைப் பழகிய ஜனத்திடம் புத்தகத்தைக் கொடுத்து, பார்க்க வருவோம் என்றால் என்ன நடக்கும். புத்தகங்களுக்குப் பொலித்தீன் உறை போட்டார்கள். ஷோகேசில் வைத்துப் பூட்டினார்கள். நம் வீட்டுச் சாவியை உன் மனைவி கழுத்துச் செயினில் கோத்துக்கொண்டாள். பக்கத்து லயத்துக் கருப்பாயி, கொழுந்துத் தராசில் நின்ற காலத்துக் குரலோடு நம் வாசல் இஸ்தோப்பில் வந்து நின்று, எங்க வீட்டுப் புத்தகத்துல ஒரு அழுக்கு காட்டுங்க கிளாக்கரய்யா, நான் காதை அறுத்துக்கிறேன் என்று சவால் விட்டாள். நான் அழுக்குத் தேடிப் போகவில்லை.

இனி உன் மகளின் வாசிப்பைப் பற்றி எழுதவேண்டும். சனிக்கிழமை காலையில் அபிஷ்னாவுக்குத் தலைக்கு எண்ணெய் வைத்து, சவர்க்காரம் போட்டு இரண்டு கையையும் கழுவி, பிறந்தநாள் சட்டையை மாட்டிவிடுவார்கள். ஷோகேஸ் திறக்கப்படும். ஒரு புத்தகம் வெளியே வரும், எப்போதும் அதே புத்தகம், எப்போதும் அதே பக்கம், ஏனென்றால் அந்தப் பக்கம்தான் போனில் நல்ல நிறமாக விழுகிறதாம். ஒரு முதலை ஆற்றங்கரையில் வாயைப் பிளந்துகொண்டிருக்கிறது, ஓர் ஆடு அதற்குள் எட்டிப் பார்க்கிறது. கீழே, ‘ஆடு உள்ளே எட்டிப் பார்த்தது. முதலை மெல்ல’ என்று எழுதியிருக்கிறது, மிச்சம் அடுத்த பக்கத்தில். துஷ்யந்தி சொல்லச் சொல்ல இவள் பின்னால் சொல்லுவாள், படம் எடுக்கப்படும், புத்தகம் உள்ளே போகும், பூட்டுவார்கள். அந்தப் படத்தைத்தான் நீ பேஸ்புக்கில் போட்டு, என் செல்லம் வாசிக்கிறாள் என்று எழுதி, அங்கே உன்னோடு வேலை செய்யும் ஆட்களிடமெல்லாம் வாழ்த்து வாங்கினாய். அடுத்த தடவை கொஞ்சம் சிரிக்கச் சொல்லு என்று வொய்ஸ் அனுப்பியதும் நீதான், நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். பிள்ளை எந்த வரியில் சிரிக்கவேண்டும் என்று நீ குறிப்பிடவில்லை.

அந்தப் பிள்ளைக்கு இருந்தது ஒரே கவலை. முதலை மெல்ல என்னா செஞ்சிச்சு. உன் அம்மாவிடம் கேட்டாள், என்னிடம் கேட்டாள், பேக்கரிப் பாண்காரனிடமும் கேட்டாள், அவர் சிங்களவர், பாவம், தனக்குத் தெரியாது என்று இரண்டு பாஷையிலும் சொன்னார். தும்மியிருக்கும் என்று ஒருநாள் சொன்னாள், பல்லு வெளக்கியிருக்கும் என்று மறுநாள் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள், வீட்டில் இருந்து சேர்த்துப் பார்ப்பதுதான் பாக்கி. நான் துஷ்யந்தியிடம் சாவியைக் கேட்டேன். மாமனார் மருமகளிடம் சாவி கேட்பது அழகான வேலை இல்லை, ஆனாலும் கேட்டேன். அவள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, பழுதாப் போச்சுன்னா நம்ம பேர வெட்டிருவாங்க மாமா, அந்த வேன்ல ஏறினா இவ நம்மள மாதிரி ஆகமாட்டா என்றாள். அவளை நான் முட்டாள் என்று சொல்லமாட்டேன். விடியலில் கொழுந்துக் கூடையோடு போய் நனைந்து திரும்புகிறவள், தன் மகளுக்கு வேறு வழி ஒன்று வேண்டும் என்று நினைத்தாள், அந்த வழிக்குச் சுத்தமான புத்தகம்தான் டிக்கட் என்று அவளுக்குச் சொல்லியிருந்தார்கள்.

போன வாரம் வியாழக்கிழமை வந்தார்கள். அம்ரா என்று இளவயது மிஸ் ஒருவர், அவருக்கு மேலதிகாரியாக ஒரு சிங்கள மாத்தயா. வடை சுட்டிருந்தோம். மாத்தயா முதலில் வாத்துகளைப் பார்த்து ஹரி ஷோக் என்று ரசித்தார், பிறகு புத்தகங்களையும் அதே மாதிரி ரசித்தார். அபிஷ்னாவை நிறுத்தி வாசிக்கச் சொன்னார்கள். ‘முதலை மெல்ல’ வரைக்கும் ஒரு மூச்சில் ஒப்பித்தாள், எல்லோரும் கைதட்டினார்கள், படம் எடுத்தார்கள். பிறகு பெரியவர்கள் தேத்தண்ணிக்குத் திரும்பினார்கள். புத்தகம் பிள்ளையின் கையிலேயே இருந்துவிட்டது. ஒரு கையில் பாதி வடை. அவள் தரையில் உட்கார்ந்து பக்கத்தைப் புரட்டினாள். ஒருவரும் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். விரலை எழுத்துக்குக் கீழே வைத்து, வா என்றாள், யை என்றாள், பிறகு இரண்டையும் சேர்த்து, வாயை, என்றாள். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அந்தப் பிள்ளை தன் பிறப்பில் வாசித்த முதல் சொல் அது. தாத்தா, வாயை என்னமோ செய்யிது என்றாள், அடுத்த சொல்லுக்கு விரலை நகர்த்தினாள். விரல் போன வழியெல்லாம் வடை எண்ணெய்.

அம்ரா மிஸ் திரும்பியவர் அதைக் கண்டார். முகம் மலர்ந்தது, நான் அதை நன்றாகக் கண்டேன். பிறகு கையிலிருந்த மதிப்பீட்டுப் பத்திரத்தைக் கண்டார், மலர்ந்தது சுருங்கிவிட்டது. பிள்ளை வாசிக்குது மிஸ், அதையும் போடுங்க என்றேன். எனக்கும் வெளங்குது ஐயா, ஆனா இதுல அதுக்குக் கட்டம் இல்லியே என்றார். கறைக்குக் கட்டம் இருந்தது. கிழிசலுக்கு ஒரு கட்டம், உறைக்கு ஒரு கட்டம், தூசிக்குக்கூட ஒரு கட்டம் இருந்தது. மாத்தயா புத்தகத்தை இரண்டு விரலால் தூக்கி, செத்த எலியைப் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டு, அனே பவ் என்றார். அந்தப் பரிதாபம் பிள்ளைக்காக இல்லை, புத்தகத்துக்காக. பிள்ளையின் கையிலிருந்து அதை வாங்கும்போது அவள் அடுத்த சொல்லின் முதலெழுத்தில் இருந்தாள்.

அவர்களுடைய வேன் வளைவு திரும்பும்வரை துஷ்யந்தி சிரித்த முகத்தோடு நின்றாள். பிறகு பிள்ளையின் கையில் அடித்தாள், அடித்த கையைத் தன் வாயில் பொத்திக்கொண்டு அவளும் அழுதாள். சத்தம் கேட்டு வந்த கருப்பாயி நடந்ததை விசாரித்து, பின்ன, புத்தகத்தப் போயி புள்ளை கையில குடுப்பாங்களா என்று எங்கள் எல்லோரையும் சேர்த்துக் கேட்டாள். அங்கே நின்றவர்களில் ஒருவருக்கும் அந்தக் கேள்வி விசித்திரமாகப் படவில்லை. அதற்குப் பிறகு நடந்ததைக் கேள், இதற்காகத்தான் கடிதமே எழுத உட்கார்ந்தேன். நேற்று நான் பேப்பரின் பெரிய தலைப்பு எழுத்தைக் காட்டி, இது என்னா எழுத்து குட்டி என்று கேட்டேன். கையைப் பாவாடையில் துடைத்தாள், துடைத்த கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். வேணா தாத்தா, பழுதாப் போயிரும் என்றாள். வாசிப்பை வளர்க்க வந்தவர்களும், வேனை நம்பியவர்களும், தூரத்திலிருந்து சிரிக்கச் சொன்னவரும் சேர்ந்து, கடதாசி கண்டால் பயப்படும் பிள்ளை ஒன்றை வெற்றிகரமாக உண்டாக்கியிருக்கிறோம்.

ஆகவே நீ செய்யவேண்டியதைச் சொல்கிறேன். டப்லட் அனுப்புகிறேன் என்று துஷ்யந்தியிடம் சொன்னாயாம், அனுப்பாதே, அதற்கும் ஓர் உறை போட்டு ஷோகேசில் வைப்பார்கள். கொப்பித் தாளில் உன் மகளின் பெயருக்குக் கடிதம் எழுது. பெரிய எழுத்தில், இரண்டு மூன்று வரி, அவளுக்குத் தெரிந்த சொற்கள், அவள் கறியோடும் எண்ணெயோடும் பிடித்துக் கசக்கிப் படுக்கையில் போட்டுக்கொண்டு தூங்கக்கூடிய தாள். முதலை என்ன செய்தது என்று என்னால் சொல்லமுடியாது, எனக்கும் அந்தப் பக்கம் கிடைக்கவில்லை. நீயே ஒரு முடிவு செய்து எழுது, ஆட்டைத் தின்றதாக மட்டும் எழுதாதே. போனில் பேசும்போது புத்தகத்தைக் காட்டு என்று கேட்காதே, அப்பா என்ன எழுதியிருந்தேன் என்று கேள். துஷ்யந்தியைத் திட்டாதே. அவளுக்கும் இரண்டு வரி எழுது, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பருப்புச் சுற்றி வந்த கடதாசியையாவது வாசி, கிழிந்தால் கிழியட்டும் என்று நீ சொன்னால் அவள் கேட்பாள், நான் சொன்னால் மாமனார் பேச்சு.

வெயிலில் தலையில் துணி கட்டாமல் நிற்காதே, இரவு வேலை முடிந்து வெறும் வயிற்றில் படுக்காதே. முருகன் உன் கையையும் காலையும் நோகாமல் வைத்திருக்கட்டும், கதிர்காமத்துத் திருநீறு கொஞ்சம் மடித்து உள்ளே வைத்திருக்கிறேன். ஜஸீல் இதைக் கொடுத்த அன்றே எழுத உட்காரு, நாளைக்கு என்று வைக்காதே.

இப்படிக்கு, உன் வரவைவிட உன் எழுத்தை எதிர்பார்க்கும்
அப்பா
ராமச்சந்திரன்

பி.கு. புத்தகக் கட்டை இன்று காலை வந்து திருப்பி எடுத்துப் போனார்கள். டிவிசனில் முதலிடம் பெற்ற வீடு என்று அதையும் கருப்பாயி வீட்டுக்கே கொடுத்திருக்கிறார்கள். சனிக்கிழமை தோறும் கருப்பாயி பழைய படத்தையே அனுப்பிவந்தாளாம், அந்த வீட்டுப் பிள்ளை இரண்டு மாதத்துக்கு முன்பே தாயோடு ருவான்வெல்லைக்குக் குடிபோய்விட்டது.