நாலாவது மூலை

அன்புள்ள மலர் மச்சாள்,

மணி மூன்றாகிறது. வாசல் படலை திறந்து கிடக்கிறது. இன்றைக்கு நான் அதைக் கட்டவில்லை.

சனசமூக நிலையத்தில் எங்கள் நாலு பேரையும் இருத்தி, அயர்லாந்துப் பெண்களைப் பற்றி வாசித்துச் சொல்வீரே, நினைவிருக்கிறதா? நாட்டு விடுதலைக்காகச் சட்டைக்குள் கடிதம் ஒளித்துக் கொண்டுபோனவர்கள். வாக்குரிமை கேட்டுக் கண்ணாடி உடைத்து, சிறையில் சாப்பிடாமல் கிடந்தவர்கள். முதலில் நாடு, உங்கள் வாக்கு பிறகு என்று அவர்களையும் நிற்பாட்டி வைத்தார்களாம். "அவைக்கும் ஒரு படலை இருந்திருக்கு, பாத்தியளே?" என்று சிரித்தீர்.

பிறகு சிரிக்காமல் சொன்னீர். "நான் செத்தால் நீங்கள் நாலு பேரும்தான் என்னைச் சுடலைக்குத் தூக்கவேணும். மற்றப் பொம்பிளையள் மாதிரிப் படலையோடை நிண்டியளோ, சும்மா விடமாட்டன்." பரிமளம் அக்காவுக்குத் தேத்தண்ணி புரையேறிவிட்டது.

உம்மைத் தூக்கிய அன்று நான் பாடைக் கம்பில் கை வைத்தேன். "பொம்பிளையள் உதிலை, படலையோடை நில்லுங்கோ," என்றார் உம்முடைய சித்தப்பா. யாரும் என் கையைத் தட்டிவிடவில்லை, மச்சாள். நானேதான் எடுத்தேன். இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த நாளிலிருந்து, உம்மைக் கொண்டுபோன அதே மூன்று மணிக்குப் படலை திறக்கிறது. உம்முடைய தம்பி கொளுக்கியை மாற்றிப் பார்த்தார். நான் கயிறு போட்டுக் கட்டினேன். அது அறுந்து கிடந்திருந்தால் மாடு இடித்தது என்றிருப்பேன். நீர் கொடிக்கயிற்றைச் சுருட்டுவதுபோலச் சுருட்டி, கம்பில் மாட்டியிருந்தது. நாய் குரைக்கவில்லை, வாலை ஆட்டிக்கொண்டு வெளியே ஒழுங்கை வரை போய்த் திரும்பி வந்தது. "உது அக்காவின்ரை வேலைதான்," என்றுவிட்டு உம்முடைய தம்பி உள்ளே போய்விட்டார். என்னில் அவ்வளவு கோபமா?

போன கிழமை பரிமளம் அக்கா காலமானார். "என்னையெண்டாலும் அவையள் தூக்கட்டும்," என்று மகளிடம் சொல்லி வைத்திருந்தாராம். நாலு பேரில் மிஞ்சிய நானும் யோகமும் சரசுவும் போனோம். ஆண்கள் கையைக் கட்டிக்கொண்டு விலகி நின்றார்கள். "மூண்டு பேரும் தூக்கட்டும் பாப்பம். நாலாவது மூலைக்கு ஒருத்தரும் வரமாட்டம்," என்றார் உம்முடைய சித்தப்பா.

பாடைக் கம்பில் கை வைத்தேன். இந்த முறை கையை எடுக்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினோம்.

பாடை சரியவில்லை. வெறும் மூலையும் எங்கள் தோள் உயரத்துக்கு எழும்பி நின்றது.

"உந்த மூலையை ஆர் பிடிச்சிருக்கினம்?" என்று சித்தப்பா கேட்டார். அக்கா வீட்டுப் படலையைத் தாண்டினோம். சுடலை வரைக்கும் என் பக்கத்தில் யாரோ மூச்சு வாங்கிக்கொண்டு வந்தது கேட்டது. உமக்கிருந்த அதே இழுப்பு. நான் திரும்பவில்லை. பார்த்தால் நீர் விட்டுவிடுவீரோ என்று பயம்.

கயிற்றை அடுப்பில் போட்டுவிட்டேன். இனி எந்தப் படலையோடும் நிற்க மாட்டேன். யோகம் போனாலும் சரசு போனாலும் தூக்குவேன், இது சத்தியம். கடைசியில் நான் மட்டும் மிஞ்சினால், மச்சாள், நீங்கள் நாலு பேருமாக வாருங்கள்.

உம்முடைய தம்பியைக் கட்டி வந்து
உமக்கும் சொந்தமான மச்சாள்,
ராணி