மொரோக்கோப் படிவம்

மார்ச் 12, வியாழன் இரவு

ஈஸ்டர் விடுமுறைக்கு அப்பாவும் பாரிஸ் நண்பர்களும் மொரோக்கோப் பாலைவனத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டப் போகிறார்கள். வீட்டில் ஆங்கிலப் படிவங்களை எல்லாம் நான்தான் நிரப்புவேன். பயணப் படிவத்தில், மயக்கம் வந்ததுண்டா என்று ஒரு கேள்வி. போன மாதம் அப்பா குளியலறையில் மயங்கிக் கிடந்ததை நான் மட்டுமே பார்த்தேன்.

"இல்லையெண்டு போடு பிள்ளை. ஓமெண்டால் என்னைச் சேக்கமாட்டாங்கள்."

"அம்மாட்டச் சொல்லட்டோ அப்பா?"

"சொன்னியெண்டால் நான் உன்னோட கோவம்," என்று சிரித்தார்.

'இல்லை' என்று போட்டேன்; அனுப்பிவிட்டதாக அவரிடம் பொய் சொன்னேன். படிவம் இன்னும் என் போனில்தான் இருக்கிறது. இப்போது பதிலை 'ஆம்' என்று மாற்றிவிட்டேன். அப்பா கோபிப்பார் என்ற பயத்தில் அனுப்பாமல் வைத்திருக்கிறேன். அடுத்த அறையில் அப்பா புதுத் தலைக்கவசத்தைப் போட்டுக் காட்டுகிறார். அம்மா சிரிப்பது கேட்கிறது.