அமைதியான தீவிலிருந்து

மாலைதீவு
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் உஷாந்திக்கு,

வெள்ளவத்தையில் நீயும் பிள்ளைகளும் சுகமா? நான் சுகம்.

தீவென்றால் அமைதி, இளநீருக்குக் குறைவில்லை என்று எல்லோரிடமும் பெருமையடித்துவிட்டு இங்கே வந்தேன். ஜெனரேட்டர் ஓயாமல் இரைகிறது. இளநீரும் படகில்தான் வருகிறது.

அப்பாவின் திவசத்துக்கு லீவு கேட்டேன். ஊழியர்களுக்கு நான் ஆங்கிலம் படிப்பிக்கும் இந்த விடுதியின் மனேஜர் அசோக்குமார் சிரித்தார். "டீச்சர், உலகமே இங்க லீவுக்கு வருது, நீங்க இங்கயிருந்து லீவு கேக்கிறீங்களே! வீட்டில யாருக்கும் கடும் வருத்தம், ஆஸ்பத்திரியில எண்டா மட்டும்தான்."

என் பாஸ்போர்ட் அவரிடம் இருக்கிறது. பதினொரு வருடமாக அப்பாவுக்கு என் கையால்தான் படைத்தேன்.

ஐயருக்குச் சொல்லிவை. வாழைக்காய் முற்றலாக வாங்காதே.

உனக்குக் கடும் வருத்தம் என்று, இது கிடைத்த உடனே மனேஜருக்கு எழுது. பொய் சொன்னதற்கு உன்னை முழங்காலில் நிறுத்திய நான்தான் கேட்கிறேன், பிள்ளை.

கடிதம் கொண்டுபோகும் படகு புறப்படப்போகிறது.

அம்மா