வெறும் வயிற்றில் இரண்டு மாத்திரை

தூத்துக்குடி,
ஜூன் 2

அன்புள்ள தம்பி எஸ்றாவுக்கு,

அண்ணன் ஜெபசிங் எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நான் சுகம். அந்த வாக்கியத்தை என்னோடு நிறுத்திக்கொள்கிறேன். சீனித்தாய் சுகமாக இல்லை.

ஒன்பது ஆண்டுகளாக என் வீட்டில் சமைக்கிறவளை உனக்குத் தெரியும். திரேஸ்புரத்தில் நம் சபை நடத்தும் மாதாந்திர முகாமுக்குச் சென்னையிலிருந்து வந்துபோகிறாயே, அங்கே அவள் உன் நோயாளியும்கூட. மே மாத முகாமில் அவளுடைய சர்க்கரை முந்நூற்றுப் பன்னிரண்டு. மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாளா என்று கேட்டாய், போடுவதாகச் சொன்னாள். சாப்பிட்ட பிறகுதானே என்றாய், ஆமாம் என்றாள். அளவு போதவில்லை என்று முடிவுசெய்து, காலையில் ஒன்று என்பதை இரண்டாக்கினாய். ஒரு நாள் தவறினாலும் காலை வெட்டி எடுக்க வேண்டிவரும் என்றாய். வாயைக் கட்டவேண்டும் என்று வரிசை முழுவதும் கேட்க அறிவுரையும் வழங்கினாய்.

அப்போது மீன்பிடித் தடைக்காலத்தின் நான்காவது வாரம். அவள் கணவன் அய்யாக்குட்டி விசைப்படகில் கூலிக்குப் போகிறவன். படகு கரையில் கிடந்தால் அந்த வீட்டில் அடுப்பும் சும்மா கிடக்கும்; நான் தரும் சம்பளம் கடன் வட்டிக்கே போய்விடும். ரேஷன் அரிசி இருபதாம் தேதியைத் தாண்டாது. மாத்திரை உறையில் 'சாப்பாட்டுக்குப் பின்' என்று நீதான் எழுதியிருந்தாய். அவள் அதை அப்படியே கடைப்பிடித்தாள்: சோறு இருந்த நாளில் போட்டாள், இல்லாத நாளில் போடவில்லை. உன் முந்நூற்றுப் பன்னிரண்டுக்கு விளக்கம் அவ்வளவுதான்.

ஏன் பொய் சொன்னாள் என்பாய். நம் ஊரில் 'சாப்பிட்டாச்சா' என்று யார் கேட்டாலும் 'ஆச்சு' என்பதே மரியாதை. இல்லை என்பது கையேந்துவது. அண்டைவீட்டுப் பெண்கள் பின்னால் நிற்கும்போது டாக்டர் கேட்பது மட்டும் வேறு கேள்வி என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

காலை எடுப்பார்கள் என்ற பயத்தில், முகாமுக்குப் பிறகு சோறில்லாத நாளிலும் அவள் உன் சொல்லை மீறவில்லை. இருபதாம் தேதிவரை அரிசி அவளைக் காப்பாற்றியது. இருபத்தாறாம் தேதி காலை கடுங்காப்பியோடு இரண்டையும் விழுங்கிவிட்டு வேலைக்கு வந்தாள். எனக்குத் தோசை ஊற்றிக்கொண்டிருந்தவள் அடுப்படியில் விழுந்தாள். கல்லில் தோசை கருகும் வாடை வந்த பிறகுதான் நான் நாற்காலியை விட்டு எழுந்தேன்.

ஆஸ்பத்திரியில், சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கிக் கிடந்தவளுக்குக் குளுக்கோஸ் ஏற்றிய பயிற்சி மருத்துவர் சின்னப் பெண். உன் பட்டங்களில் பாதிகூட இல்லாதவர். கண் விழித்தவளிடம் அவர் கேட்டது ஒன்றுதான்: "கடைசியா எப்போ சோறு சாப்பிட்டீங்க?"

சீனித்தாய் என்னைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்துச் சொன்னாள். "முந்தாநாத்து மத்தியானம்."

இரண்டே நாளில் வேலைக்குத் திரும்பிவிட்டாள். மாத்திரைகள் சாக்கடைக்குப் போயின. வலது பாதத்தில் சிப்பி கிழித்த புண் நான்கு நாளாகக் கறுத்து வருகிறது. ஆஸ்பத்திரிக்கு அழைத்தால், "சோத்துக்கு வழியில்லாதவளுக்கு மாத்திரை எதுக்கு சார்? சும்மா பசிச்சா தாங்கிருவேன். மாத்திரையப் போட்டுட்டுப் பசிச்சா தாங்க முடியல" என்கிறாள். தட்டு வைத்தால் பசியில்லை என்கிறாள். ஒன்பது ஆண்டுகளாகத் தினமும் காலையில் 'சாப்பிட்டாச்சா' என்று நானும் கேட்டேன். 'ஆச்சு சார்' என்றாள். அந்தப் பதிலில் உனக்கிருந்த வசதிதான் எனக்கும் இருந்தது.

இந்த மாத முகாம்வரை காத்திராதே. கடிதம் கிடைத்த அன்றே ரயிலேறு. நான் கூப்பிட்டு அவள் வரவில்லை. மாத்திரையை இரட்டித்தவன் அவள் வீட்டு வாசலில் நின்று, பிசகு என்னுடையது என்று சொன்னால் ஒருவேளை வருவாள். கால் போவதற்குள் சொல்ல வேண்டும். சாப்பிட்டாயா என்று மட்டும் அவளிடம் கேட்டுவிடாதே.

கர்த்தர் உன் மேசையை என்றும் குறைவில்லாமல் வைப்பாராக, என் மேசையை வைத்திருந்ததுபோலவே.

இப்படிக்கு,
உன் அண்ணன்
ஜெபசிங்